கூடைக்கு மூவாயிரம் ரூபாய்

எங்கள் வீட்டுக் கடன் இரண்டரை லட்சம் இருந்தபோது நாங்கள் முதலில் அடைத்தது மூவாயிரம் ரூபாய்க் கடனை. இதைச் சொன்னால் பலரும் அது என்ன பெரிய விஷயம் என்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

வடசென்னையில் காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். அத்தை, அதாவது என் மாமியார், விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறார். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். பெரியவள் பத்தாவது, சின்னவன் ஏழாவது. மூன்று பேர் சம்பாதிக்கிற வீட்டில் இவ்வளவு கடன் எப்படி என்று என் அண்ணனே கேட்டார். மூன்று பேரும் உழைக்கிறோம் என்பது உண்மை. ஆனால் என் கணவருக்குக் காசு வருவது படகு கரை சேர்ந்து, டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்துப் பங்கு பிரிக்கும்போது. அத்தைக்கு அன்றாடம். எனக்கு முகூர்த்தம் பார்த்து, பண்டிகை பார்த்து. கடன்காரர்கள் மட்டும் யாரும் இப்படி நாள் பார்த்து வருவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தையல் மெஷின் மோட்டார் போனது, ஃபிரிட்ஜ் போனது, ஒரு வாடிக்கையாளர் கொடுத்திருந்த பட்டுச் சேலையும் நனைந்தது. ரேஷன் கடையில் கொடுத்த ஆறாயிரம் ரூபாய் நிவாரணத்தில் மோட்டாரைச் சரி செய்தேன். அதே சமயம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்துவிட, மீன் வாங்கவே ஜனங்கள் யோசித்தார்கள். அத்தை கூடையில் பாதியோடு திரும்பி வந்த நாட்கள் அவை. அடுத்த சில வாரங்களில் படகில் கயிறு அறுந்து அடித்து என் கணவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள், வைத்தியத்துக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை. வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்குத்தான் காசு தேவைப்பட்டது. அது முடிவதற்குள் ஏப்ரல் 15 வந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. தடை முடிவதற்கு முன்பே பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது.

அந்த ஜூனில்தான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதினோம். மூன்று பேரும் சேர்ந்து, பிள்ளைகள் எதிரிலேயே. தினமும் கட்டுகிற தண்டல் இரண்டு, ஒவ்வொன்றும் பத்தாயிரம். தெரிந்த ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் அஞ்சு ரூபாய்க்கு, நாற்பதாயிரம். அடகுக் கடையில் என் சங்கிலியும் பெரியவளின் தோடும் சேர்த்து மூன்று பவுன், அதன் மேல் அறுபதாயிரம், ரெண்டு வட்டி. பெண்கள் குழுக் கடன் இரண்டு, சேர்த்துத் தொண்ணூறாயிரம். ஃபிரிட்ஜ் தவணை பன்னிரண்டாயிரம். படகு ஓனரிடம் வாங்கிய முன்பணம் முப்பதாயிரம்.

எழுதி முடித்த பிறகு அத்தை மெதுவாகச் சொன்னார்: "என்னுது ஒண்ணு கீது. அத எழுதல."

அத்தை தினமும் காலையில் ஒரு அம்மாவிடம் மூவாயிரம் வாங்குவார். ஏலத்தில் சங்கராவோ, காரப்பொடியோ, கானாங்கெளுத்தியோ அன்றைய விலைக்குத் தகுந்தபடி எடுப்பார். சாயங்காலம் விற்ற காசிலிருந்து மூவாயிரத்து நூறாகத் திருப்பிக் கொடுப்பார். இருபது வருடத்துக்கும் மேலாக இப்படித்தான். காலையில் வாங்கி மாலையில் கொடுத்துவிடுவதால் இதை அவர் கடன் என்றே நினைத்ததில்லை. இரவு படுக்கும்போது யாருக்கும் பாக்கி இல்லையே.

நான் கணக்குப் போட்டேன். மாதத்தில் இருபத்தைந்து நாள் கூடை தூக்குகிறார் என்றால், நூறு நூறாக 2,500 ரூபாய். மூவாயிரம் ரூபாய் முதலுக்கு மாத வட்டி 2,500. மழையில் நனைந்து, வெயிலில் நடந்து சம்பாதித்ததில் அவ்வளவு. அஞ்சு வட்டி அநியாயம் என்று நாங்கள் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தோம். அந்த நாற்பதாயிரத்துக்கே மாதம் இரண்டாயிரம்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சின்னத் தொகை அதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டிருந்தது.

ஆவணி முகூர்த்தத்தில் கல்யாண பிளவுஸ் தைத்த காசு கைக்கு வந்ததும் மூவாயிரத்தை எடுத்து அத்தையின் சுருக்குப் பையில் வைத்தேன். அத்தை முதலில் வேண்டாம் என்றார். "நாளைக்கு மழ புடிச்சிக்கினா, உடம்பு முடியலன்னா, அவதான் குடுப்பா. இப்ப வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு போயி நிப்பேன்?" இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த பேங்கும் எட்டிப் பார்க்காத காலத்தில், கையெழுத்துக்கூட வாங்காமல் அந்த அம்மாதான் கொடுத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. "அத்தை, சண்டை போட்டுட்டு வரச் சொல்லல. ஒரு மாசம் நம்ம காசுல எடுத்துப் பாருங்க. சரியா வரலன்னா திரும்பப் போங்க" என்றேன். போனார். அந்த அம்மாவிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நல்லதுதானே என்றார். இன்றைக்கும் அத்தை அவருக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைக்கிறார்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அப்புறம் நடந்தது. முன்பெல்லாம் சாயங்காலத்துக்குள் மூவாயிரத்து நூறு சேர்த்தாக வேண்டும் என்பதால், நாலு மணிக்கு மேல் மிச்சமிருக்கும் மீனை அத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும், அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். சொந்தக் காசு என்று ஆனதும் மிச்சத்தை ஐஸ் போட்டு வைத்து மறுநாள் காலையில் முதல் தெருவிலேயே விற்றார். நெத்திலி மலிவாக வந்த நாட்களில் கூடுதலாக எடுத்துக் கருவாடு போட்டார். வட்டி மிச்சமானதோடு விற்கிற விலையும் ஏறியது. கடன் வட்டியை மட்டும் தின்பதில்லை, பேரம் பேசும் தெம்பையும் தின்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த மூவாயிரத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம். அது கூடையின் காசு, வீட்டின் காசு இல்லை. கேஸ் தீர்ந்தாலும் அதில் கை வைப்பதில்லை. மீன் கெட்டுப்போய் முதல் குறைந்தால் வீட்டிலிருந்து போட்டு நிரப்புவோம்.

அடுத்து தண்டல். பத்தாயிரம் தண்டல் என்றால் ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்க்கும்போது நூற்றுக்குப் பதினைந்து வட்டி மாதிரித் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருப்பது 8,500-இல் பாதிதான். அந்தப் பாதிக்கு, மூன்று மாதம் சொச்சத்துக்கு, ஆயிரத்து ஐந்நூறு வட்டி. வருடக் கணக்கில் போட்டால் நூற்றுக்கு நூற்றிருபதைத் தாண்டுகிறது. அஞ்சு வட்டிக்கு வருடத்துக்கு அறுபது, ரெண்டு வட்டிக்கு இருபத்துநாலு. எதை முதலில் முடிக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

தண்டல் ஏன் முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுபதாவது நாள் வாக்கில் வசூலுக்கு வரும் தம்பி, "அக்கா, இன்னும் முப்பது நாள்தான, புதுசு போட்டுக்கோங்க" என்பார். நல்ல மனதோடு சொல்வது மாதிரியே இருக்கும். புதுத் தண்டலில் ஆயிரத்து ஐந்நூறைப் பிடிப்பார்கள், பழைய பாக்கி மூவாயிரத்தையும் கழிப்பார்கள். கையில் வருவது 5,500. பழைய மூவாயிரத்துக்கு ஏற்கெனவே வட்டி பிடித்தாயிற்று, புதுசிலும் சேர்த்து அதற்கே மறுபடி வட்டி. எங்கள் இரண்டு தண்டலும் இப்படி மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தவை. நாங்கள் செய்தது இதுதான்: புதுசு போடவில்லை. கூடையில் மிச்சமான நூறு ரூபாயையும் சேர்த்து, நூறாவது நாள் வரை கட்டி, கார்டில் கடைசிக் கட்டம் வரை கையெழுத்து வாங்கி, கார்டைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டோம். அந்த வருடத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் துணி எடுத்தோம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் போய் நடைபாதையில் எடுத்தோம், அவர்களுக்குப் பிடித்தே இருந்தது.

இரண்டு தண்டலும் முடிந்த பிறகு பெரியவள் ஒரு நோட்டில் நூறு கட்டம் போட்டாள். "இனிமே என்கிட்ட தண்டல் கட்டுங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். தினம் நூறு ரூபாய் கட்டி எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. காய்ச்சலானாலும் மழையானாலும் கட்டியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை ஏன் விட வேண்டும்? சாயங்காலம் அத்தை கூடையை இறக்கி வைத்ததும் அவள் நோட்டோடு வருவாள். ஒருநாள் விட்டால் மறுநாள் இருநூறு, பேச்சே கிடையாது. நூறு கட்டம் நிறைந்தால் பத்தாயிரம், முழுசாக எங்கள் கையில். சேமிக்கச் சொல்லி ஊரெல்லாம் அறிவுரை சொல்கிறது. எங்களைப் போல அன்றாடம் காசு பார்க்கிற வீட்டுக்கு மாசக் கடைசியில் மிச்சம் பிடிப்பது சரிப்படாது. தினமும் ஒருவர் வந்து கை நீட்ட வேண்டும். அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.

நகை விஷயத்தில் என் அண்ணன்தான் உதவினார். அடகுக் கடையில் மூன்று பவுனுக்கு அறுபதாயிரம்தான் வாங்கியிருந்தோம். பவுன் விலை ஏறியிருந்ததால் பேங்கில் அதே நகைக்கு அதைவிட நிறையவே கிடைக்கும் என்று தெரிந்தது. வட்டியோ வருடத்துக்கு ஒன்பது சதவீதத்தை ஒட்டி. ஆனால் பேங்குக்குக் கொண்டுபோக நகை கையில் வேண்டும், நகை கைக்கு வரக் காசு வேண்டும். அண்ணன் ஒருநாள் கைமாத்தாக 66,000 கொடுத்து, இரண்டு இடத்துக்கும் கூடவே வந்தார். காலையில் அடகுக் கடையில் அசலும் வட்டியும் கட்டி மீட்டோம், மதியத்துக்குள் பேங்கில் வைத்து 1,10,000 வாங்கினோம். அண்ணனுக்கு 66,000 அன்றைக்கே. மீதியில் அஞ்சு வட்டிக் கடன் நாற்பதாயிரத்தையும் அந்த மாத வட்டியையும் கட்டி, கொடுத்திருந்த புரோநோட்டைக் கையோடு வாங்கிக் கிழித்தோம். அதுவரை இரண்டுக்கும் சேர்த்து மாதம் 3,200 வட்டி. அதற்குப் பிறகு 825.

இதைக் கேட்டுவிட்டு நகையைப் பேங்கில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ரிசர்வ் வங்கி 2025-இல் விதியை மாற்றி, இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றது. முன்பு 75. கிடைக்கிறதே என்று அவ்வளவையும் வாங்க வேண்டாம். எந்தக் கடனை முடிக்கப் போகிறோமோ அதற்கு வேண்டியது மட்டும் போதும். வாங்கிய பிறகு வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்காமல், படகு நல்ல பங்கோடு வந்த போதெல்லாம் ஐயாயிரம், எட்டாயிரம் என்று அசலில் கட்டினேன். இப்போது 28,000 பாக்கி. நகை இன்னும் அடகுக் கடையிலேயே இருப்பவர்கள் ரசீதை பத்திரமாக வைத்திருங்கள். தமிழ்நாட்டு அடகுக் கடைச் சட்டப்படி மீட்க ஒரு வருடமும் கூடுதலாக ஏழு நாளும் உண்டு. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

குழுக் கடனை அவசரப்பட்டு அடைக்கவில்லை. அதன் வட்டியும் வருடத்துக்கு இருபத்துநாலு வாக்கில்தான், குறைந்துவரும் அசலுக்குத்தான் போடுகிறார்கள். தவணைப்படி கட்டி ஒன்று முடிந்தது, இன்னொன்று முடியப் போகிறது. இதில் எனக்குக் கசப்பான அனுபவம் ஒன்று உண்டு. தவணை தாமதமான ஒரு நாள், வசூலுக்கு வந்தவர் ராத்திரி எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் படிக்கவே இல்லை. மறுவாரக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்: 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டினால் புதுக் கடன் கொடுக்கவே கூடாது. கூட்டத்தில் இருந்த பெண்கள் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரியாததால்தான் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களே அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை.

தண்டல், மீட்டர் வட்டிக்காரர்கள் மிரட்டினால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2003-ஆம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்று வருடம் வரை ஜெயில், 30,000 வரை அபராதம். ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டு, ஒன்றும் எழுதாத பத்திரம், இவற்றை மட்டும் எந்த நெருக்கடியிலும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் ஏ.டி.எம். கார்டையே அடகு வைத்துவிட்டு உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயைக் கண்ணால் பார்க்காத பெண்கள் இருக்கிறார்கள். அது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

கடனை அடைத்தோம், சரி. திரும்ப வராமல் இருக்க என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியம். பத்திரிகையிலும் யூடியூபிலும் வருகிற பட்ஜெட் எல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எழுதியது. எங்கள் வீட்டுக்கு மாதக் கணக்கு உதவாது, வருடக் கணக்குத்தான் உதவும். தினசரிக் காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை என் கணவருக்கு வருமானம் இல்லை. தடை இல்லாத ஃபைபர் படகு மீன் கொஞ்சம் வரும், ஏலத்தில் விலை எகிறும், அத்தை கையில் நிற்பது குறைவு. ஜூனில் பள்ளிக்கூடம், எங்களுக்குப் பதினான்காயிரம் ஆகிறது. ஆடியில் படகு நிறைய மீனோடு வரும், ஆனால் முகூர்த்தம் இல்லாததால் எனக்குத் தையல் குறைவு. ஆவணியில் எல்லோருக்கும் ஓடும். புரட்டாசியில் கவிச்சி சாப்பிட மாட்டார்கள், அத்தையின் கூடை பாதிதான். அதே மாதம் தீபாவளித் தையல் தொடங்கி எனக்குத் தூங்க நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு கட்டிக்கிடக்கும், அதோடு ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வீடுகளில் மீன் கிடையாது. தை, மாசி எங்களுக்கு நல்ல மாதங்கள்.

எழுதிப் பார்த்தபோது கடன் வாங்கிய தேதிகளும் இந்த வறண்ட மாதங்களும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. புயலும் கால் முறிவும் திடீரென்று வந்தவை. மற்ற எல்லாமே ஒவ்வொரு வருடமும் தேதி சொல்லிவிட்டு வருகிறவை. அதனால் இப்போது எங்களிடம் இரண்டே இரண்டு சேமிப்பு. ஒன்று ஏப்ரலுக்குள் முடிய வேண்டியது, மற்றது புரட்டாசிக்குள். பெரியவளின் நோட்டுத் தண்டல் முதலாவதற்கு. போன தடைக்காலத்தில் வாரம் ஒருமுறை கணக்காக எடுத்துச் செலவழித்தோம். அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணத்தைச் செலவுக்கு எடுக்காமல் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கினோம். மழைக்காலத்துக்கு மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. நாம் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500-ஆகத் திருப்பித் தருகிறது. நம் காசு மூன்று மடங்காகிறது. அத்தை பல வருடமாக அதில் இருக்கிறார். ஆனால் முன்பெல்லாம் அந்தக் காசு வந்த வேகத்தில் தண்டலுக்குப் போய்விடும். இப்போது அது வர வேண்டிய இடத்துக்கு வருகிறது.

சில்லறைச் சிக்கனம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. டீ குடிப்பதாலும் சின்னவன் ஐஸ் வாங்கித் தின்பதாலும் எங்கள் வீடு கடனில் விழவில்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ முப்பது, பாமாயில் லிட்டர் இருபத்தைந்து, அதைத் தவறாமல் வாங்குகிறோம். அத்தையும் நானும் வெளியே போனால் கட்டணமில்லாத பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறுகிறோம். அவ்வளவுதான்.

பெரிய செலவு விசேஷம். பெரியவள் வயதுக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் மண்டபம் பார்க்கச் சொன்னார்கள். மொய் வரும், அடைத்துவிடலாம் என்றார்கள். நான் மொய் நோட்டை எடுத்து வைத்தேன். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய காசு, தேதி போடாத கடன். யார் வீட்டில் எப்போது பத்திரிகை வரும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டு வாசலில் பந்தல் போட்டு, தெருவில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போட்டுச் செய்தோம். நாத்தனார் மூன்று மாதம் பேசவில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவை எத்தனை முறை கேட்டாலும் அப்படியேதான் எடுப்பேன். இப்போது மொய் செய்யவும் வருடக் கணக்கில் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் போனால் அன்போடு ஒரு எவர்சில்வர் பாத்திரம்.

ஓனரின் முன்பணம் முப்பதாயிரத்தைக் கடைசியாக வைத்திருந்தோம், வட்டி கிடையாது என்பதால். ஆனால் அது இருக்கும்வரை வேறு படகுக்கு மாற முடியாது. போன மாசியில் என் கணவர் பங்கிலிருந்து கழித்து அதையும் முடித்துவிட்டார். முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. கூட்டாளி இரண்டு பேரோடு சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்று எடுக்கலாம், அதற்குத் தடைக்காலம் இல்லை, ஏப்ரலிலும் தொழில் நடக்கும் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கவலை இன்ஜின் செலவும், மூன்று பேரில் ஒருவருக்குக் காசு புரளாவிட்டால் என்ன செய்வது என்பதும். நகைக் கடன் 28,000 முடியட்டும், முடிந்தபிறகு பேசலாம் என்றேன். அவர் சரி என்றார். அத்தை மட்டும், "அந்தப் படகு மீன எனக்குத்தான் மொதல்ல குடுக்கணும்" என்று இப்போதே பங்கு பேசிவிட்டார்.